சல்லடை மூஞ்சி சொல்ல வந்தது

செய்தி வாசிப்பவரின் குரலைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, அவருடைய வாயசைப்புக்கு இந்த அக்கா தானே வசனம் பேசுகிறார். "வணக்கம். இந்தப் புதுச் சட்டை கழுத்தை அறுக்குது. இன்னிக்குத் தலைப்புச் செய்தியே அதுதான்." பக்கத்தில் விளம்பரம் ஓட்டுபவருக்குத் தேநீர் புரையேறுகிறது. அக்காவின் முகத்தில் ஒரு சிரிப்புச் சுருக்கம் விழ வேண்டுமே!

தொலைக்காட்சி நிலையத்தில் ஒளிபரப்பைக் கண்காணிப்பது அவர் வேலை. ஏசி குளிருக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் மாட்டிக்கொண்டு, சுவர் நிறையத் திரைகளை மேய்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் டிவி கிடையாது. "பஸ் ஓட்டுறவரு லீவு நாள்லயும் பஸ்லயா சுத்துவாரு?" என்பது அவர் கட்சி.

போன வருடம் ஒருநாள், நிலைய மேலாளர் திரையில் தோன்றி, நிலையத்தின் சாதனைகளை நேயர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று மேலாளரைக் காணோம். முகத்தில் மாவுச் சல்லடையைக் கட்டிய ஓர் உருவம், விரித்த குடையோடு தையத் தக்கா என்று குதித்தது! யாரோ எங்கிருந்தோ நிலையத்தைவிடப் பலமான அலையை ஒளிபரப்புக் கோபுரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கோபுரத்துக்கு ஆள் அடையாளமா தெரியும்? எது பலமாக வருகிறதோ அதை ஊருக்கு அனுப்பிவிடும். உருவம் ஆட்டத்தை நிறுத்தி, தொண்டையைச் செருமி, ஏதோ சொல்ல விரலை உயர்த்தியது. அதற்குள் அக்கா, கோபுரத்தின் ஒளிபரப்பையே வெட்டும் பொத்தானை அழுத்திவிட்டார்.

போலீஸார் மொட்டை மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள். இன்றுவரை ஆள் அகப்படவில்லை. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது, மேலாளரின் மானம் கப்பலேறியது. "இன்னொரு தடவை அது வந்தா, கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள வெட்டணும். இல்லேன்னா வேலை நிரந்தரமாகும்ங்கிறதை மறந்துடுங்க" என்றார் அக்காவிடம். அக்கா ஒப்பந்த ஊழியர். வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான்.

ஆனால் அவர் மண்டையைக் குடைந்தது வேறு. "என்ன சொல்ல வந்துச்சோ, பாவம்! நானே வாயைப் பொத்திட்டேனே!"

"தும்மல் வந்திருக்கும்" என்றார் கணவர்.

"தும்முறதுக்கு எவனாவது விரலைத் தூக்குவானா?" அன்று முழுக்க அவருடன் பேச்சு வார்த்தை இல்லை.

நேற்று மாலை. வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்து மேகங்கள் நடுங்கின, கிழிந்தன. சல்லடை மூஞ்சி! இம்முறை சமையல்கட்டுக் கையுறை வேறு. ஆடிய ஆட்டத்தில் கேமராவே ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. அக்காவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

தொலைபேசி அலறியது. விளம்பரக்காரர் எடுத்தார். மேலாளரின் குரல் அறை முழுக்கக் கேட்டது: "வெட்டுங்க! வெட்டச் சொல்லுய்யா!"

"அக்கா, பொத்தான்! வேலை போயிடும்க்கா!" விளம்பரக்காரர் பதறினார்.

திரையில் ஆட்டம் நின்றது. உருவம் தொண்டையைச் செருமியது.

அக்கா இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் சொருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.