சித்திரை நட்சத்திரத்து ஹெட்டி

எங்கள் ஊர்த் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலரில் 'இங்கே முதலில் வந்தவர்கள்' என்றொரு பகுதி. அதற்கு என் வீட்டுக்காரரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கலாவதி அக்கா கேட்டார். நல்ல மனுசன், கோயில் வேலைக்கு முன்னுக்கு நிற்கிறவர், ஒருவரோடும் கொழுவாதவர், அப்படி நாலு வரி எழுதிவிடு என்று அவரே சொல்லியும் தந்தார். அதை எழுத எனக்கு என்ன, தேத்தண்ணீர் கொதிக்கிற நேரம் போதும். ஆனால் குணசேகரம் என்கிற இந்த மனுசனைப் பற்றி உண்மையாக எழுதப் போனால் ஹெட்டியாளை விட்டுவிட்டு எழுத முடியாது. எழுதத்தான் போகிறேன். வயிற்றெரிச்சலை எத்தனை வருடத்துக்கு வயிற்றுக்குள்ளேயே வைத்திருப்பது?

ஹெட்டி ராலின்ஸ் என்பது அவளுடைய முழுப் பெயர். இங்கிலாந்துக்காரி. படங்களில் பேச்சு வராத காலத்து நடிகை. நான் பிறக்கிறதுக்கு முன்பே செத்துப்போனவள், சுவிஸில், பீல் நகரத்தில், எங்கள் வீட்டு ஹோலில் சட்டம் போட்ட படமாகத் தொங்குகிறாள். தொப்பியைச் சரித்துப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு. நான் வேலையால் வந்து கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அவளுடைய பல்லுத்தான்.

இவர் அசூல், அதுதான் அகதித் தஞ்சம், கேட்டு வந்தது எண்பத்தொன்பதில். முதலில் கொண்டுபோய் வைத்தது லாங்கன்தாலில், ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில். வேலை செய்ய விடவில்லை, பாஷை தெரியாது, ஜன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பொழுது. தேவாலயத்தில் இருந்து வரும் ஒரு வெள்ளைக்கார அம்மா இவர்களைப் பாவம் பார்த்து ஒருநாள் படத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பேசும் படமென்றால் விளங்காது என்று பார்த்துப் பேசாத படத்துக்கு, ஹெட்டி நடித்ததற்கு. ஒருவர் பக்கத்தில் இருந்து பியானோ வாசித்தாராம். அந்த மண்டபத்தில் இருந்த வெள்ளையர்களுக்கு விளங்கியது முழுவதும் தனக்கும் விளங்கியது, இந்த நாட்டில் அதுதான் முதல் தரம் என்று, கலியாணம் முடித்து நான் இங்கே வந்திறங்கிய கிழமையிலேயே இவர் எனக்குச் சொன்னார். நானும் பேய்ச்சி மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன்.

பிறகு பீலுக்கு வந்தார். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், மணிக்கூட்டு முகத்தில் இலக்கம் பதிக்கிற பகுதியில் வேலை. இன்றைக்கும் அங்கேதான். சைக்கிளில் போவார், சைக்கிளில் வருவார், சாப்பிடுவார், நல்லாயிருக்கு என்பார். அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேலே வாயைத் திறந்தால் முத்துக் கொட்டிவிடும். நான் முதியோர் இல்லத்தில் சமையல்கட்டில் நிற்கிறவள். அங்கே உள்ள கிழவிமார்கள்கூட என்னோடு இவரைவிடக் கூடக் கதைப்பார்கள். இத்தனை வருடக் குடித்தனத்தில் மனதில் இருப்பதை எடுத்து ஒருநாள் என்னிடம் வைத்தாரில்லை. எனக்கு வேறொன்றும் வேண்டாம், அது ஒன்றுதான் வேண்டும். ஆனால் ஹெட்டியைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டால் போதும், அந்த முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுடைய சரித்திரம் எனக்கும் பாடம். வேறு வழி? வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் இவர் சொல்லச் சொல்லக் கேட்டே பாடமாகிவிட்டது. வட இங்கிலாந்தில் நெசவாலைகள் உள்ள ஊர், தகப்பன் பேக்கரி வண்டியில் பாண் விற்றவன். பதினாலு வயதில் நாடகக் கொட்டகையில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடினாள். அங்கே ஒரு படக் கம்பனிக்காரன் கண்டு கூட்டிப்போய், முதலில் பூக்காரி வேஷம், பிறகு சலவைக்காரியின் மகள், பிறகு வீட்டை விட்டு ஓடுகிற பணக்காரப் பெட்டை. இரண்டு மூன்று வருடத்தில் சவர்க்காரப் பெட்டியில் அவள் முகம், தபால் அட்டையில் அவள் முகம். அவள் போட்ட தொப்பியை ஊர்ப் பெட்டைகள் எல்லாம் போட்டார்களாம். இங்கே சுவிஸ் மலையிலும் வந்து ஒரு படம் நடித்தாள். சறுக்கு வண்டியால் விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகும், கையை மேலங்கிக்குள் ஒளித்துக்கொண்டு மிச்சத்தை நடித்து முடித்தாளாம். இதைச் சொல்லும்போது இவர் தன் மணிக்கட்டைத் தடவுவார். எனக்கு மீன் நறுக்கிற அரிவாளால் கை வெட்டுப்பட்டபோது பிளாஸ்டர் இருக்கிற மேசை லாச்சியைக் காட்டியவர்தான் இவர்.

அதற்குப் பிறகு பேசும் படம் வந்தது. அவளுடைய குரலில் ஒரு பிழையும் இல்லை, கம்பனிதான் முறிந்துபோனது. வேறு கம்பனிக்காரர் கூப்பிட்டுக் கதாநாயகியின் மாமி வேஷம் கொடுத்தார்கள். ஒரே ஒரு படம். இனி வேண்டாம் என்று விட்டுவிட்டுக் கடற்கரை ஊரொன்றில் தேத்தண்ணிக் கடை போட்டாள். பிள்ளைகுட்டி இல்லை. எடுத்த படங்களில் பாதிக்கு மேல் எரிந்தும் உக்கியும் போய்விட்டன. அவளை நினைக்க உலகத்தில் ஆளில்லையாம். அந்தப் பொறுப்பை இவர் எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை என் மச்சாள் தனுஷியாவின் மாமியார் வந்திருந்தார். தைப்பொங்கல். நான் குசினியில் நிற்க, அந்த மனுசி சந்தனக் கும்பாவை எடுத்துக்கொண்டு போய் ஹோலில் இருந்த படங்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டார். இவருடைய ஐயாவுக்கு, அம்மாவுக்கு, தம்பி தயாநிதிக்கு, அப்படியே ஹெட்டியாளுக்கும். நெற்றியில் சந்தனமும் நடுவில் குங்குமமுமாக அவள் நிற்கிறாள். எங்கள் குடும்பத்தில் வெள்ளைக்காரி சம்பந்தம் உண்டென்று தனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று அந்த மனுசி குறைப்பட்டார். நான் துடைக்கப் போனேன். கண்ணாடிக்கு மேலேதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் இவர்.

இதையும் பொறுத்தேன். அடுத்ததுதான் கொடுமை. இவர் அவளுடைய பிறந்த திகதியைக் கொண்டுபோய்க் கோயில் ஐயரிடம் கொடுத்து, பஞ்சாங்கம் பார்த்து, அவள் சித்திரை நட்சத்திரம் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து வருடா வருடம் அவள் பெயரில் அர்ச்சனை. ஐயரும் முதலில் யாரோ கலப்புக் கலியாணம் செய்த சொந்தம் என்று நினைத்து, "சித்திரை நட்சத்திரம், ஹெட்டி" என்று பிள்ளையாருக்கு முன்னால் கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்த பிறகு, செத்த ஆட்களுக்கு நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்கிறதில்லை, மோட்ச விளக்குத்தான் என்றார். அதற்கு இவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"ஐயா, படத்தில உயிரோடதானே திரியிறா."

ஐயர் சிரித்துவிட்டுத் தட்டை வாங்கினார். நான் சிரிக்கவில்லை.

இந்த வருடம் எனக்கு ஐம்பது. மண்டபம், கேக், பாட்டு ஒன்றும் வேண்டாம், கோயிலில் ஒரு அர்ச்சனை போதும் என்று நான் சொல்லிவிட்டேன். லாங்கன்தாலில் வேலை செய்யும் மகள் மதுஜாவும் லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். புதுச்சேலை உடுத்து, பூ வைத்து நிற்கிறேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். இவர் கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தடக்கல் இல்லாமல் சொன்னார்.

"சிவகலா. சித்திரை நட்சத்திரம்."

நான் அவிட்டம். அவிட்டக்காரி தவிட்டுப் பானையிலும் காசு எடுப்பாள் என்று சொல்லிக் கட்டிவைத்த மாமிக்குத் தெரிந்தது, கூடப் படுத்தெழும்பிய மனுசனுக்குத் தெரியவில்லை. ஐயர் மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். என் ஐம்பதாவது பிறந்தநாள் அர்ச்சனை என் கண்முன்னே ஹெட்டியாளின் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. கோயிலென்றும் பார்க்காமல், "ஐயா, நிப்பாட்டுங்கோ, அது அவவின்ர நட்சத்திரம்" என்றேன். பிரகாரத்தில் நின்ற சனம் முழுக்கத் திரும்பியது. மதுஜா என் கையைப் பிடித்து அமத்தினாள். இவர் கண்ணைத் திறந்து, வாயில் வந்துவிட்டது என்றார். வாயில் வந்ததுதானே என் பிரச்சினையே.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, சொல்லிவிட்டேன்.

"ஒண்டில் அவ இந்தச் சுவரில இருக்கட்டும், இல்லாட்டி நான் இந்த வீட்டில இருக்கிறன். ரெண்டும் இனிச் சரிவராது."

மகளோடு போய் இருக்கப் பையும் அடுக்கினேன். விளையாட்டுக்கு இல்லை. பீலின் பழைய நகரப் பக்கத்துத் தியேட்டரில் படக்கழகம் ஒன்று இருக்கிறது. இவர் அதில் டிக்கெட் கிழிக்கிறவர், கதிரை அடுக்குகிறவர். அவள் மலையில் நடித்த அந்தப் படத்தைத் திருத்திப் புதுக்கி வருகிற ஞாயிறு காலையில் காட்டுகிறார்களாம். படத்துக்கு முன் ஹெட்டியைப் பற்றிக் கொஞ்சம் பேசச் சொல்லி இவரைக் கேட்டிருக்கிறார்கள். ஞாயிறு முடியட்டும், வந்து கழற்றுகிறேன் என்றார். எதிர்த்து ஒரு சொல் இல்லை. அந்தப் பணிவுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஞாயிறு நானும் வெளிக்கிட்டேன். இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் அவளுடைய படம் பார்த்ததில்லை. சக்களத்தியின் வீட்டுக்கு ஆராவது விருந்துக்குப் போவார்களா? ஆனால் கடைசித் தரம், அவளிடத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. பின்வரிசையில் இருந்தேன்.

இவர் முன்னால் போய் நின்றார். என் கலியாணத்துக்குக்கூட இப்படி மினுக்கின சேட்டுப் போடவில்லை. ஜெர்மனில் பேசினார். பாண்காரனின் மகள், பூக்காரி, சவர்க்காரப் பெட்டி, மணிக்கட்டு, தேத்தண்ணிக் கடை, எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். முடிந்தது என்று ஆட்கள் கைதட்டக் கை எடுக்க, இவர் இன்னொன்று சொல்லத் தொடங்கினார்.

தனக்கு ஒரு தம்பி இருந்தான் என்றார். சண்டை நடந்த ஊரில் அவனை விட்டுவிட்டுத் தான் மட்டும் வந்ததாகவும், அவன் செத்த செய்தி லாங்கன்தாலுக்கு வந்த அதே கிழமையில் இந்தப் படத்தைப் பார்த்ததாகவும் சொன்னார். தாங்கள் தங்கியிருந்த அறையில் எல்லோரும் பொடியன்கள், ஒருவருக்கு முன்னால் ஒருவர் அழ முடியாது. இந்தப் படத்தில், மலைக்குப் போய்த் திரும்பாத தம்பியின் சட்டையை ஹெட்டி மடித்து வைக்கிற இடம் வரும். அந்த இருட்டில் தானும் அழுததாகச் சொன்னார். அதற்குப் பிறகு அழுததெல்லாம் அவளுடைய படங்களில்தான் என்றார்.

சனம் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தயாநிதிக்கு வருடா வருடம் திவசத்துக்குச் சமைக்கிறவள் நான். அவனுக்கு என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று வந்த புதிதில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்? "அவன் போயிட்டான்" என்பதோடு சரி. எனக்குத் தராத சொல்லை, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக வந்த வெள்ளையர்களுக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். அவர்களும் எழும்பி வந்து இவருடைய கையைப் பிடிக்கிறார்கள்.

படம் ஓடியது. குற்றம் பிடிக்கத்தான் பார்த்தேன். மூக்குக் கொஞ்சம் பெரிது. புருவம் பென்சிலால் கீறியது. பிறகு அந்தச் சட்டை வந்தது. அவள் அழவில்லை. பொத்தான்களைப் பூட்டி, கையை மடித்து, மடித்ததைத் திரும்ப விரித்து, திரும்ப மடித்தாள். சனியன் பிடித்தவள், என்னையும் அழவைத்துவிட்டாள்.

பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தோம். வந்ததும் இவர் ஸ்டூலை எடுத்துச் சுவருக்குக் கிட்ட வைத்தார். சொன்ன சொல்லுக்கு ஏறிக் கழற்றப் போகிறார். அப்போதுதான் கேட்டேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

ஸ்டூலில் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தார்.

"உம்மட முகத்தைப் பாத்துக்கொண்டு சொல்ல ஏலாது, கலா. நான் அழுதா நீரும் அழுவீர். பிறகு நான் உம்மைத் தேற்ற வேணும். அவ என்னைப் பாக்கிறேல்ல. நான்தான் அவவைப் பாக்கிறன்."

அடப்பாவி மனுசா. இத்தனை வருடமும் என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லமாட்டாரா என்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். நான் பார்த்ததுதான் பிழையாகப் போய்விட்டது.

ஸ்டூலை அங்காலே தள்ளினேன். பட்டப்பகல், வெளியில் நல்ல வெயில். ஹோல் ஜன்னல்களை மறைக்கிற ஸ்டோரன் மூன்றையும் அடிவரைக்கும் இறக்கினேன். அறை கறுத்துப்போனது. இவரைக் கையில் பிடித்துக்கொண்டுபோய் சோபாவில் இருத்தி, நானும் பக்கத்தில் இருந்தேன், தியேட்டரில் இருக்கிற மாதிரி, முகம் சுவரைப் பார்க்க.

"நான் உங்களைப் பாக்கமாட்டன். தேற்றவும் வேண்டாம். சொல்லுங்கோ."

மேல்வீட்டுக்காரர் கதிரை இழுக்கிற சத்தம் கேட்டது. எழும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"ஏஜென்சிக்காரன் ரெண்டு பேரையும் வெளிநாட்டுக்கு ஏத்திறன் எண்டுதான் சொன்னவன்," என்றார். "கடைசியில ஒராள்தான் ஏறலாம் எண்டிட்டான். தயா தானே சொன்னவன், அண்ணை, நீங்கள் முதல் போங்கோ எண்டு. நான் ஒருக்கா, ஒரே ஒருக்கா, நீ போ எண்டு சொல்லியிருக்கலாம்."

பிறகு அழத் தொடங்கினார். நான் பார்க்க ஏங்கிய முகம் எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி இருந்தேன்.