சட்னி வாளியும் சிவப்பு வட்டமும்

எங்கள் ஊரான கோவில்பதாகையில் என் அக்கா நடத்தும் இட்லிக் கடை, ஒரே ஒரு படத்தால் வெறிச்சோடியது. யூடியூப்காரன் ஒருவன் தன் வீடியோவின் முகப்புப் படத்தில் அக்காவின் சட்னி வாளியைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்டு, அருகே வாய் பிளந்த தன் முகத்தை ஒட்டி, ‘இட்லிக் கடையில் கொடூரம்!’ என்று தலைப்பிட்டிருந்தான். சட்னி தீர்ந்துபோனதுதான் அந்தக் கொடூரம் என்பது வீடியோவை முழுவதும் பார்த்தவர்களுக்கே தெரியும்.

மாற்றச் சொன்னேன்; சிரித்தான். அதே படத்தை பிளெக்ஸில் அச்சடித்து, ‘கொடூரம் இதுதான்: இங்கே சட்னி சீக்கிரம் தீர்ந்துவிடும்’ என்று கீழே சேர்த்தேன். ஒருவன் முகத்தைத் தெருவில் தொங்கவிடுவது முறையா என்று யோசித்தேன். யோசித்த பிறகுதான் கடை வாசலில் கட்டினேன்.

சில நாளில் ஓடி வந்தான்.

“இன்னா அண்ணாத்தே, ஏரியாவே என்னை ‘சட்னி’ன்னு கூப்புடுது! கழட்டு.”

“முதல்ல நீ உன் படத்தையும் தலைப்பையும் மாத்து.”

“மாத்துனா வியூஸ் பூடும்!”

“அப்போ மூஞ்சி இங்கயே தொங்கட்டும் நைனா” என்றாள் அக்கா.

நின்ற இடத்திலேயே மாற்றினான். கூட்டமும் மெல்லத் திரும்பியது. பிளெக்ஸை இறக்கினோம், எறியவில்லை. மழைக்காக அடுப்பின் மேல் கூரையாகக் கட்டியிருக்கிறோம், முகம் கீழ்ப்பக்கமாக. இட்லிப் பானையைத் திறக்கும்போதெல்லாம் ஆவி அந்தத் திறந்த வாய்க்குள் போகிறது. மன்னிப்பதே நல்லது என்று நம்புகிறவன்தான் நான். ஆனாலும் தினமும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்கிறேன்.