தாடிக்குக் கட்டிய வெள்ளைத் துணி

தொண்ணூறுகளில் டெல்லி முனிர்கா பக்கம் ஒரு தமிழ் ஓட்டலில் சப்ளையராக இருந்தேன். தினமும் சவரம், வெட்டிய நகம், துவைத்த சட்டை. இதில் முதலாளி யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு கார்த்திகையில் முதல் தடவையாக சபரிமலைக்கு மாலை போட்டேன். விரதத்தில் சவரம் கூடாது என்பதால் தாடி வளர்ந்துவிட்டது.

"கோச்சுக்காதீங்க கன்னிசாமி. சாம்பார்ல முடி கெடந்தா கஸ்டமர் ஐயப்பனையா கேப்பான்? தாடிய எடுங்க, இல்லேன்னா வேற ஆள் பாக்கறேன்" என்றார் முதலாளி.

அவர் சொன்னதும் நியாயம்தான். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. மாலையைக் கழற்றவும் மனம் வரவில்லை. கண் கலங்கி நின்றேன்.

எங்களோடு பழகித் தமிழ் புரிந்துகொள்ளும், தந்தூரில் ரொட்டி போடும் சர்தார்ஜி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் தாடிக்குக் கட்டத் துவைத்து வைத்திருந்த வெள்ளைத் துணியைப் பையிலிருந்து எடுத்துவந்து, என் தாடியை மூடி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார்.

"பாருங்க சேட்ஜி, பல்வலிக்காரன் மாதிரி இருக்கான். ஆனா ஒரு முடி விழாது" என்றார் இந்தியில்.

முதலாளி சிரித்துவிட்டார். "அச்சா, தினம் துவைச்சுக் கட்டணும்."

மலையிலிருந்து திரும்பியதும் சர்தார்ஜிக்கு அரவணைப் பிரசாதம் கொண்டுபோனேன். மாவுக் கையைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு இரண்டு கையையும் ஏந்தி, கண்ணை மூடி வாங்கிக்கொண்டார். அவர் குருவைக் கும்பிடுகிறவர்.

ஒற்றைக் கையை நீட்டிப் பிரசாதம் வாங்கிப் பழகியவன் நான். அன்றிலிருந்து எந்தக் கோயிலிலும் அப்படி வாங்க எனக்குக் கை வருவதில்லை.