தலையாட்டினால் விமானம் ஓட்ட முடியாது

போன வியாழக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போனும் கையுமாக நின்றிருந்தேன். “ஸ்ரீரங்கம்… ஸ்ரீரங்கம்…” என்று ஒன்றாம் நம்பர் பஸ் கண்டக்டர் கத்துகிறார். நான் போக வேண்டிய பஸ்தான்; ஏறவில்லை. தேர்வுக்காகச் சென்னை போயிருக்கும் மகள், முடிவைச் சொல்ல எந்த நேரமும் கூப்பிடலாம்.

மகள் நிவேதா பைலட்டுக்குப் படிக்கிறாள். ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. ரேடியோவில் பேசுகிற ஆங்கிலத் தேர்வில்தான் போன தடவை கோட்டை விட்டாள். அதில் தேறினால்தான் லைசென்ஸ்.

இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பெண்ணுக்கு ஆங்கிலத்திலா தகராறு? அப்போதே கேட்டேன்.

“இங்கிலீஷ் இல்லப்பா… கன்ட்ரோல் டவர்லேருந்து பேசற மாதிரி, ஹெட்போன்ல கொரகொரன்னு வேகமா உத்தரவு சொன்னாங்க. புரியல. எல்லாத்துக்கும் ‘யெஸ் சார்’னுட்டேன்.”

“திரும்பக் கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா, ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சுட்டா?”

இதை எங்கே கற்றாள்? சந்தேகமே வேண்டாம் — என்னிடம்தான்! டாக்டர் சொல்வதற்கெல்லாம் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு, எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்கிற ஆள் நான். நீங்களும்தானே? ஆனால், எவ்வளவு உயரத்தில் பறப்பது என்று புரியாமலே வானத்தில் தலையாட்டினால்…?

அன்றிலிருந்து தினமும் காலையில் பயிற்சி. இரைச்சலுக்காகச் சட்னி மிக்ஸியை ஓடவிட்டு, அவள் எழுதித் தந்த ஆங்கில உத்தரவுகளை நான் முணுமுணுப்பேன். கேட்டதை அவள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் விழவில்லையா? கூச்சப்படாமல் “சே அகெய்ன்” — மறுபடி சொல்லுங்கள். வெறும் “யெஸ்” மட்டும் கூடவே கூடாது.

“சட்னி அரைக்கிறீங்களா, ஜூஸ் போடறீங்களா? டம்ளர்ல ஊத்திக் குடிக்கலாம் போலிருக்கு!” என்றாள் மனைவி. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

போன் அடித்தது. பஸ் ஹாரன், கண்டக்டர் குரல்… நடுவில் நிவேதா ஏதோ சொல்கிறாள். பழைய ஆளாக இருந்தால் “சரிம்மா, சரிம்மா” என்றிருப்பேன்.

“காதுல விழலம்மா, இன்னொரு தடவை சொல்லு!”

“பாஸ்ப்பா! ரெண்டு தடவை ‘சே அகெய்ன்’ கேட்டேன். யாரும் ஒண்ணும் நெனக்கல. திரும்பச் சொன்னாங்க, அவ்வளவுதான்!”

அப்பாடா! நடு பஸ் ஸ்டாண்டில் கண் கலங்கிவிட்டது. ஒன்றாம் நம்பர் கிளம்பிப் போயே போய்விட்டது. போகட்டும்.

இந்தத் தடவை நன்றாகவே காதில் விழுந்தது. இருந்தாலும் சொன்னேன்: “சே அகெய்ன்!”