கோமகன்கள் பிரிக்காமல் விட்டது

என் அக்கா ஜெர்மனியில் ஒரு பழைய அரண்மனை வாசலில் நுழைவுச்சீட்டுக் கொடுக்கிறாள். அந்தப் பக்கத்தை ஒரு காலத்தில் ஆண்ட கோமகன் குடும்பத்தைப் பற்றி, வேலிக்கு அப்பால் இருப்பவர்களைப் போலத்தான் பேசுவாள். "பாவம், மூத்தவருக்குக் கோபம் கூட" என்பாள். அவர் செத்துப் பல நூறு வருடமிருக்கும்.

இந்த ஆடியில் எங்கள் தீவு ஊரான இறுப்பிட்டிக்கு வந்திருந்தாள். அம்மாவின் வளவுக் காணியை இரண்டாகப் பிரித்து, தன் பங்கைப் பிள்ளைகள் பேருக்கு எழுத வேண்டுமாம். சரிதான், தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. ஆனால் கோடு எப்படிப் போட்டாலும் கிணறு அவள் பக்கமே விழுந்தது. சுற்றிவர எல்லாம் உவர்த் தண்ணீர். எங்கள் கிணறு ஒன்றுதான் நன்னீர். இங்கே குடியிருப்பவள் நான். நாளைக்கு அவளுடைய பிள்ளைகள் யாருக்காவது விற்றுவிட்டால்? கேட்க வாய் வரவில்லை. ரோசம்.

அளப்பதற்கு முதல்நாள் மத்தியானம் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். சோளகக் காற்று பனையோலைகளை விடாமல் சலசலக்க வைத்தது. அக்கா கதை சொன்னாள். முதல் கோமகனுக்குப் பெரிய நாடு. ஆண்மக்கள் எல்லாருக்கும் பங்கு. அவர்களுடைய மக்களுக்கும் பங்கு. கடைசியில் ஒரு கோமகன் குதிரையில் ஏறினால், குதிரை களைப்பதற்குள் சித்தப்பாவின் நாடு வந்துவிடும். எனக்குக் கண் சொருகியது. பட்டுச் சட்டைக் கோமகன்கள் எங்கள் பனைகளுக்கிடையே உலாவினார்கள். ஒருவர் கிளுவை வேலியை ஒரு முழம் தள்ளி நட்டார். இன்னொருவர் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து, இறகுத் தொப்பி முள்ளில் மாட்டுப்பட, கோபித்துக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கம் நடந்தார்.

அந்த அரைத்தூக்கம் தந்த துணிவில் கேட்டேன்.

"எல்லாத்தையுமே பிரிச்சவையோ அக்கா?"

"ஒண்டை மட்டும் விட்டவை. ஒரு பல்கலைக்கழகம். அது எல்லாருக்கும் பொது."

"ஏன், அதைப் பிரிக்க ஏலாதோ?"

"பிரிச்சால் ஒருத்தருக்கும் உதவாதெல்லோ" என்றுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். நித்திரையாகிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை நில அளவையாளர் நாடாவை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார்.

"இது உங்கடை பங்குக்குள்ளைதானே அக்கா?"

"இல்லை. அது பல்கலைக்கழகம்" என்றாள் அக்கா.

அவர் நாடாவும் கையுமாக விழித்தார்.

"பொதுக் கிணறு எண்டு போடும் தம்பி. தங்கச்சி வந்து போக வழியும் விடும்."

என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் கழுவுகிற சாட்டில் ஒரு வாளி தண்ணீர் அள்ளினேன்.

"எனக்கும் கொஞ்சம் வார்" என்று அக்கா இரண்டு கையையும் ஏந்தினாள்.