கொடி பறந்த பக்கம்

அப்பா செய்த மரக்கப்பலுக்குத் தம்பி புது வார்னிஷ் அடித்திருக்கிறான். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ஞாயிறுதோறும் அப்பாவின் மில் சிநேகிதர்கள் ஆளுக்கொரு மரக்கப்பல் செய்து எடுத்துக்கொண்டு எங்கள் சூலூர் வீட்டில் கூடுவார்கள். கடலைப் பார்த்தவர் ஒருவருமில்லை. அப்பாவின் கப்பலில் பாய்க்கயிறுகளையெல்லாம் தையல் நூலில் கட்டியவள் நான். "எல்லாம் நானே கட்டிப்போட்டேனுங்க" என்றார் அப்பா அவர்களிடம்.

"ஏனுங்கப்பா, காத்துல பாய் முன்னால உப்பியிருக்குது, கொடி மட்டும் எப்படிங்க பின்னால பறக்கும்?" என்றேன்.

சிநேகிதர்கள் சிரித்துவிட்டார்கள். "பொட்டப்புள்ளைக்கு இங்கென்ன வேலை? உள்ள போ" என்றார் அப்பா. அதன்பின் கப்பலைத் தொடவே விடவில்லை.

"கயிறெல்லாம் அப்பா கட்டுனதுங்க" என்று இப்போது வீட்டுக்கு வந்தவர்களிடம் தம்பி பெருமை பேசுகிறான். கொடி இன்னும் பின்னால்தான் பறக்கிறது.

"கொடிய ஒட்டுனதும் அப்பாதான். அதையும் சொல்லு" என்றேன்.