கப்சிப் அத்தானின் நாற்பது தகரங்கள்

என் அக்கா வீட்டுக்காரர் தகரக் கூரை போடுகிறவர். அவர் போட்ட கூரை எந்தக் காற்றிலும் கடகடக்காது. அதனால் ஊரில் அவருக்குப் பெயரே 'கப்சிப்'. "வெளிய புயலே அடிச்சாலும் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்" என்று அக்கா அலுத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவரிடம் போய், மூடிக்கிடந்த நூற்பாலைக்குள் சத்தம் போடும் தகரங்களை மாட்டச் சொன்னார் ஓர் ஒலிக்கலைஞர், இளம்பெண். ஆலையின் பழைய கூரைத் தகரங்கள் நாற்பதை இரும்புச் சட்டங்களில் மாட்டவேண்டும். பெரிய விசிறிகள் காற்றடிக்க, அவை பாடவேண்டும். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த ஒலிக் கண்காட்சியின் திறப்பு நாள் காலை. ஜனம் வாசலில் நிற்க, உள்ளே விசிறிகளை ஓட்டிப் பார்த்தோம்; அத்தானுக்கு எடுபிடியாக நானும் போயிருந்தேன். ஒரு தகரமும் வாய் திறக்கவில்லை.

"என்னண்ணே பண்ணீங்க?"

"நேத்து லேசா ஆடுச்சும்மா. எல்லா போல்ட்டுக்கும் ரப்பர் வாஷர் போட்டு இறுக்கிட்டேன்." அத்தான் முகத்தில் பெருமை வேறு.

"ஆடுறதுக்குத்தானே மாட்டச் சொன்னேன்! மூணு வருஷ உழைப்புண்ணே." அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தானின் பெருமை புஸ்ஸென்று இறங்கியது. ஏணியை இழுத்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாத்தையும் கழட்டிடலாமா அத்தான்?"

"கழட்டினா சந்தைக்கடை ஆயிடும். எது எங்க கத்தும்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா இதுங்க வாயைத்தானேடா அடைச்சிட்டிருக்கேன்!"

ஒரு தகரத்தின் போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார். இன்னொன்றில் வாஷரை உருவினார். நகத்தால் சுண்டி, காதை வைத்துக் கேட்டு, அடுத்ததற்குப் போனார். நாற்பது முடிவதற்குள் சட்டை தொப்பலாகிவிட்டது.

கதவைத் திறந்தார்கள். விசிறிகள் சுழன்றன. வாசலோரத் தகரம் முதலில் முனகியது. அடுத்தது சேர்ந்துகொண்டது. பிறகு நாற்பதும் சேர்ந்து எழுப்பிய ஒலியில் தரையே அதிர்ந்தது. ஆலையே விழித்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றியது. யாரோ கைதட்ட, கூட்டமே தட்டியது. அந்தப் பெண் அத்தானின் எண்ணெய்க் கையைப் பிடித்து எல்லோர் முன்னாலும் உயர்த்தினார். அத்தானோ எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு அக்கா வந்தாள்.

"ஏங்க, நம்ம வாசல் தகரத்துலயும் ஒரு போல்ட்டைத் தளர்த்துங்க. காத்தடிச்சா நானும் கேக்கணும்."

கப்சிப் அத்தான் இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

"ஒண்ணு போதுமா?"